பழ டின்னோடு பிறந்த புல்வெட்டி: மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன்

வரப்பில் மண்டிய புல்லை பிரஷ் கட்டரால் வெட்டும்போது அதன் கத்தியைக் கவனித்திருப்பீர்கள். கத்தரிக்கோலுக்கு இருப்பதைப் போல இரண்டு அலகுகள் அதற்கு இல்லை. ஒரே கத்திதான். புல்லைப் பிடித்துக்கொள்ளவும் எதிரில் எதுவும் இல்லை. கத்தி சுழலும் வேகமே புல்லை அறுத்துவிடுகிறது. இதே தத்துவத்தில் இயங்கும் ஒரு புல்வெட்டும் இயந்திரத்தை, கிட்டத்தட்ட 59 வயதில், வீட்டு ஷெட்டில் கிடந்த பழைய இரும்பையும் ஒரு காலிப் பழ டின்னையும் வைத்து உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவின் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன். அவருடைய ‘விக்டா’ புல்வெட்டியை அறியாத வீடு அந்த நாட்டில் அரிது. பழைய புல்வெட்டிகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் இன்றும் முதலில் விசாரிப்பது ஆரம்பகால விக்டாவைத்தான்.

அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது ஒரு கேள்வி கூடவே வரும். சுழலும் கத்தியை முதலில் யோசித்தவர் அவர் இல்லை. அப்படியிருந்தும் பெயர் ஏன் அவருக்கு நிலைத்தது? விவசாயக் கருவிகளைப் பயன்படுத்தும் நமக்கும், அவற்றைப் பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்ளும் நமக்கும் இந்தக் கேள்வி அந்நியமானது அல்ல.

துணி ஆலையில் தொடங்கிய கதை

ரிச்சர்ட்சனின் வேலை என்ன என்று புரிய, அவருக்கு முன்பு புல் எப்படி வெட்டப்பட்டது என்பதைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830இல் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வட்டாரம் கம்பளித் துணிக்குப் பெயர் போனது. நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரிழைகளைச் சீராக நறுக்க, சுருள் கத்திகள் பொருத்திய உருளை ஒன்று ஆலைகளில் இருந்தது. அதையே தரையில் உருட்டினால் புல்லையும் நறுக்கலாம் என்று பட்டிங் கண்டுகொண்டார்.

இந்த உருளை வகைப் புல்வெட்டியில் சுழலும் கத்திகள் புல்லை இழுத்துவந்து, கீழே அசையாமல் இருக்கும் இன்னொரு கத்தியோடு சேர்த்து நறுக்கும். அதாவது, இது கத்தரிக்கோல் முறை. வெட்டு மிகச் சுத்தமாக இருக்கும். விளையாட்டு மைதானங்களில் இன்றும் இதைத்தான் விரும்புகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அடிலெய்டின் ஸ்காட் போனர் போன்ற நிறுவனங்கள் நல்ல உருளைப் புல்வெட்டிகளைச் செய்துவந்தன.

ஆனால், இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. புல் குட்டையாக இருக்க வேண்டும். வளர்ந்துவிட்டால் உருளை அதை நறுக்குவதற்குப் பதிலாக முன்பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போய்விடும். கதிர் விட்டு விறைத்த தண்டுகள் படுத்து, இயந்திரம் கடந்ததும் மீண்டும் எழுந்து நிற்கும். சிறு கல்லோ குச்சியோ நடுவில் சிக்கினால் உருளை நின்றுவிடும், கத்தியும் பழுதாகும். இரண்டு கத்திகளுக்கும் இடையிலான இடைவெளியை அடிக்கடி சரிபார்க்கவும் வேண்டும்.

25 சென்ட் நிலமும் அடங்காத புல்லும்

இங்கிலாந்தின் மென்மையான புல்லுக்கு இது ஒத்துவந்தது. சிட்னியின் நிலைமை வேறு. ஆஸ்திரேலிய நகரங்களின் புறப்பகுதி வீடு என்றாலே கால் ஏக்கர் மனை என்பார்கள். நம் கணக்கில் 25 சென்ட். வீடு போக மீதியெல்லாம் புல்தரை. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் திரும்பிய பிறகு புதிய வீடுகள் வேகமாக எழுந்தன. வீட்டுக்கு முன்னும் பின்னும் புல்லை ஒழுங்காக வைத்திருப்பது குடும்ப மானம் சார்ந்த விஷயமாகவே ஆனது.

அங்கே வளர்ந்த புல்லும் சாதாரணமானது அல்ல. நம் வயல்களில் விடாமல் படரும் அருகம்புல்தான் அங்கே ‘கூச்’ என்ற பெயரில் புல்தரையாகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியிலிருந்து வந்த கிகுயூ புல்லும் உண்டு. நீலகிரிப் பக்கம் உள்ளவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பஃபலோ புல்லும், விறைப்பான பூந்தண்டை உயரமாக நீட்டும் பாஸ்பாலமும் இருந்தன. இவை எல்லாம் வெப்பத்தில் செழிக்கும் புற்கள். மழையோடு வெயிலும் சேர்ந்தால் கிடுகிடுவென்று எழும். இரண்டு வாரம் விட்டால் உருளைப் புல்வெட்டி திணறத் தொடங்கிவிடும். ஒரு நல்ல கருவி எங்கே தேவைப்பட்டது என்பது இப்போது உங்களுக்குத் தெளிவாகியிருக்கும்.

வீழ்ந்து எழுந்த வியாபாரி

மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் 1893 நவம்பர் 11 அன்று, சிட்னிக்கு வடக்கே உள்ள யாரமலாங் என்ற சிற்றூரில் பிறந்தார். பொறியியலை அவர் கல்லூரியில் படிக்கவில்லை. பெயர்ப் பலகை எழுதும் தொழில் செய்தார். இயந்திர அறிவைக் கையால் பிரித்துப் பூட்டியே வளர்த்துக்கொண்டார். பிறகு மோட்டார் கார் வியாபாரத்தில் இறங்கினார். கார் புதுமையாக இருந்த காலம் அது, வியாபாரமும் நடந்தது.

1930களின் பெருமந்தம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஆஸ்திரேலியா கம்பளியையும் கோதுமையையும் ஏற்றுமதி செய்து வாழ்ந்த நாடு. உலகச் சந்தையில் அவற்றின் விலை சரிந்தபோது பண்ணையோடு சேர்ந்து நகரமும் படுத்தது. கையில் காசில்லாதவர் கார் வாங்குவாரா? ரிச்சர்ட்சனின் தொழிலும் போனது. நாற்பது வயதை ஒட்டிய ஒருவர் கட்டியெழுப்பிய தொழிலை இழந்து, மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அவர் இயந்திரப் பொருள்களை விற்கும் விற்பனையாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். சிட்னியின் கன்கார்டு என்ற புறநகரில் குடியிருந்தார். வீட்டுப் பின்புறத்தில் வண்டி நிறுத்தும் ஷெட்தான் அவருடைய பட்டறை. எந்த இன்ஜின் எதற்குப் பொருந்தும், எந்தப் பாகம் எங்கே கிடைக்கும், வாங்குபவர் எதைக் கேட்பார் என்பதெல்லாம் இந்த வேலையில் அவருக்குப் பழகிப்போயின. விக்டா வெற்றி பெற்றதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

மகனுக்காகச் செய்த கருவி

ரிச்சர்ட்சனின் மகன் கேரி பல்கலைக்கழக மாணவர். விடுமுறையில் அக்கம்பக்கத்து வீடுகளின் புல்லை வெட்டிக் கொடுத்துச் சம்பாதித்தார். மகனின் சிரமத்தைக் குறைக்கத் தந்தை ஒரு இயந்திரம் செய்தார். அது உருளை வகைதான். இங்கிலாந்தின் வில்லியர்ஸ் நிறுவனத்து டூ ஸ்ட்ரோக் இன்ஜினைப் பொருத்தி அதை ஓடவைத்தார். தெரிந்தவர்கள் கேட்க, இன்னும் சிலவற்றைச் செய்து விற்றார். தன் நடுப்பெயரான விக்டரிலிருந்து விக்டா என்ற பெயர் பிறந்தது.

ஆனால், முன்பு சொன்ன பலவீனம் இதற்கும் இருந்தது. இன்ஜின் சக்தி கூடினாலும் நெடும்புல் உருளைக்கு முன்னால் படுக்கத்தான் செய்யும். செய்வதற்கும் இது எளிதல்ல. சுருள் கத்தியைத் துல்லியமாக வளைத்துச் சாணை பிடிக்க வேண்டும், விலையும் கூடும்.

லாரன்ஸ் ஹாலின் பங்கு

இந்த இடத்தில்தான் இன்னொருவரின் பெயர் வருகிறது. லாரன்ஸ் ஹால் என்பவர் 1940களின் பிற்பகுதியில் ‘மோஹால்’ என்ற இயந்திரத்தைச் செய்திருந்தார். தட்டையாகச் சுழலும் கத்தி அதில் இருந்தது. ரிச்சர்ட்சன் வசித்த அதே கன்கார்டில், வாக்கர் பூங்காவில் அதன் செயல்விளக்கம் நடந்தது. ரிச்சர்ட்சன் அதைப் பார்த்தார். புல் வெட்டுப்பட்டது. ஆனால், இயந்திரம் கனமானது. ஒருவர் பின்னாலிருந்து தள்ள, இன்னொருவர் முன்னால் கயிறு கட்டி இழுக்க வேண்டும்.

ஹாலுக்கும் முன்பே, 1930களில், இங்கிலாந்தில் ‘ரோட்டோசைத்’ என்ற சுழல்கத்திப் புல்வெட்டி வந்துவிட்டது. ஆகவே, தத்துவம் தெரிந்ததுதான். எல்லோருக்கும் பயன்படும் வடிவம்தான் அதற்கு அமையவில்லை. ஒரு வீட்டுக்காரர் தனியாகத் தள்ளும் எடை, அவர் கைக்கு எட்டும் விலை, பெரிய பட்டறை இல்லாமலே செய்யக்கூடிய எளிமை ஆகிய மூன்றும் தேவைப்பட்டன.

1952 ஆகஸ்ட்

1952 ஆகஸ்டில் ரிச்சர்ட்சன் தன் ஷெட்டில் இதைச் செய்து முடித்தார். பழைய இரும்புக் குழாய்களை இணைத்துச் சட்டம் அமைத்தார். சிறுவர்கள் ஓட்டி விளையாடும் தள்ளுவண்டியின் சக்கரங்களைப் பூட்டினார். வில்லியர்ஸ் இன்ஜினைப் பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்தினார். பெட்ரோல் டேங்குக்குப் பதிலாக, பீச் பழம் அடைத்து விற்கும் டின் ஒன்றை மேலே வைத்தார். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையிலேயே கத்தி. இடையில் செயின் இல்லை, பெல்ட் இல்லை, பல்சக்கரம் இல்லை.

இன்ஜினைச் சாய்த்ததில் உள்ள நுட்பத்தைச் சற்று விளக்குகிறேன். கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நின்றால்தான் கத்தி தரைக்கு இணையாகச் சுழலும். சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும். அதை அப்படியே கவிழ்த்தால் ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போகாது, இன்ஜின் பிடித்துவிடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. தனித் தேக்கம் கிடையாது. அதனால் அதை எப்படிச் சாய்த்தாலும் உயவு கிடைக்கும். கார்புரேட்டரை மட்டும் நிமிர்த்தி வைத்தால் போதும். சரிவான நிலத்திலும் ஓட்டலாம். நீங்கள் தோளில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓடுவதற்கும் இதுவே அடிப்படை.

கத்தியின் வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும் ஒரு கத்தி நடுவிலிருந்து 23 செ.மீ. நீளம் இருந்தால், அதன் முனை நொடிக்கு 72 மீட்டர் பாய்கிறது. அதாவது, மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர். அந்த வேகத்தில் புல் சாய்ந்து தப்பிக்க நேரமே இல்லை. நின்ற இடத்திலேயே அறுபடும். அருவாளை மெதுவாக வைத்து அழுத்தினால் புல் வளைகிறது, ஓங்கி வீசினால் அறுகிறது அல்லவா? அதே கதைதான். இதனால் உயரமான பாஸ்பாலமும் அடங்கியது, முரட்டுக் கிகுயூவும் அடங்கியது.

இதற்கு விலையும் உண்டு. கத்தரித்த வெட்டைப் போல இது சுத்தமாக இராது. கத்தி மழுங்கினால் புல்நுனி கிழிந்து, ஓரிரு நாளில் வெளுத்துவிடும். கத்தியில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். எனவேதான் விக்டாவில் வட்டத் தட்டின் ஓரத்தில் சிறு கத்திகளை அசையும்படி பொருத்தும் முறை நிலைத்தது. கல்லில் மோதினால் கத்தி பின்னால் மடங்கிக்கொள்ளும்; இன்ஜினுக்குச் சேதம் குறையும்.

ஷெட்டிலிருந்து 28 நாடுகளுக்கு

1952 செப்டம்பர் 20 அன்று சுழல்கத்தி விக்டா விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் செப்டம்பர் என்பது வசந்தத்தின் தொடக்கம். குளிரில் உறங்கிய புல் விழித்துக்கொள்ளும் நேரத்தில் கருவி கடைக்கு வந்துவிட்டது. விதைப்புக்கு முன்னால் விதைக்கருவி வருவதைப் போல, காலம் பார்த்த விற்பனை. இதை அந்த வியாபாரியின் அனுபவம் என்று சொல்லலாம்.

தேவை குவிந்தது. 1953 பிப்ரவரி 13 அன்று விக்டா மோவர்ஸ் என்ற நிறுவனம் முறையாகப் பதிவானது. சம்பள வேலையை விட்டுவிட்டு ரிச்சர்ட்சன் முழுநேரமாக இதில் இறங்கினார். அறுபதை நெருங்கும் வயதில், ஒருமுறை எல்லாம் இழந்த ஒருவர் எடுத்த முடிவு இது. ஓய்வை எண்ணிப் பார்க்கும் வயதில் அவர் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஷெட் போதவில்லை. கன்கார்டிலேயே பாரமட்டா சாலையில் பெரிய இடம் பார்த்தார்கள். அதுவும் போதாமல் மில்பெராவில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1958 வாக்கில் அங்கே சுமார் 3,000 பேர் வேலை பார்த்தார்கள். ஆண்டுக்கு 1,43,000 புல்வெட்டிகள் உருவாகி, 28 நாடுகளுக்கும் போயின. வெளியிலிருந்து வாங்கிய பொதுவான இன்ஜினுக்குப் பதிலாக, புல்வெட்டுவதற்கென்றே வடிவமைத்த சொந்த இன்ஜினையும் விக்டா செய்யத் தொடங்கியது. பழ டின் வைத்த இயந்திரத்துக்கும் இதற்கும் இடையே ஆறே ஆண்டுகள்.

வானத்தில் ஒரு முயற்சி

புல்லோடு அவர் நிற்கவில்லை. ஹென்றி மில்லிசர் என்ற வடிவமைப்பாளரின் ‘ஏர்டூரர்’ என்ற இருவர் பயணிக்கும் சிறு விமானத்தை விக்டா 1960களில் தயாரித்தது. நல்ல விமானம் என்று பெயர் வாங்கியது. 150க்கும் மேற்பட்டவை பறந்தன. ஆனால், அமெரிக்காவிலிருந்து குறைந்த விலையில் இறங்கிய விமானங்களோடு அது போட்டி போட வேண்டியிருந்தது. கேட்ட பாதுகாப்பு அரசிடமிருந்து கிடைக்கவில்லை. விமானத் தயாரிப்பு நின்றது. உரிமை 1967இல் நியூசிலாந்து நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புல்வெட்டியிலும் சரி, விமானத்திலும் சரி, திறமைக்குக் குறைவில்லை. முதலாவதில் வாங்குபவர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார். இரண்டாவதில் சந்தையே சிறியது. நல்ல கருவி என்பது பாதி வெற்றிதான். மறுபாதி, அதை யார், என்ன விலைக்கு, எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது.

1970இல் விக்டா நிறுவனம் சன்பீம் வசம் போனது. 1972 டிசம்பர் 31 அன்று, தன் 79ஆம் வயதில், ரிச்சர்ட்சன் காலமானார். 2000இல் சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் புல்வெட்டிகள் கூட்டமாக மைதானத்தில் வலம் வந்தபோது, அது எதைக் குறிக்கிறது என்று ஆஸ்திரேலியர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பழைய இரும்பு சொல்லும் சாட்சி

கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் 1958, 1968ஆம் ஆண்டுகளின் விக்டா புல்வெட்டிகள் உள்ளன. அருங்காட்சியகத்துக்கு வெளியேயும், பழைய புல்வெட்டிகளைத் தேடிச் சேர்த்து, பழுது நீக்கி, அவற்றின் வரலாற்றை எழுதும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். 2018 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளால், பழைய பாணி டூ ஸ்ட்ரோக் புல்வெட்டி அங்கே புதிதாக விற்பனைக்கு வருவது நின்றுபோனது. எனவே, மீதமிருப்பவற்றின் மதிப்பு கூடியிருக்கிறது.

ஒரு பழைய இயந்திரம் கிடைத்தால் அவர்கள் முதலில் பார்ப்பது பளபளப்பை அல்ல. இன்ஜின் எண், வார்ப்பில் பதிந்த குறி, போல்டின் அளவு, மூலப் பெயின்ட், ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். பழைய செய்தித்தாள் விளம்பரங்களோடும், காப்புரிமை ஆவணங்களோடும், உதிரிபாகப் பட்டியல்களோடும் ஒப்பிட்டு ஆண்டைக் கணிக்கிறார்கள். துருவை எடுக்கிறேன் என்று எல்லாவற்றையும் தேய்த்துப் புது வண்ணம் பூசிவிட்டால், இந்தச் சாட்சிகள் அத்தனையும் அழிந்துவிடும். அதனால் சுத்தம் செய்வதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவைப்பது நல்ல சேகரிப்பாளரின் முதல் வேலை.

விக்டாவின் வரலாற்றை எழுதும்போது ஹாலின் மோஹாலும் சேர்ந்தே பேசப்படுகிறது. ஹாலின் பெயரைச் சொல்வதால் ரிச்சர்ட்சன் சிறுத்துவிடவில்லை. இருவர் சேர்ந்து ஓட்ட வேண்டிய இயந்திரத்தை ஒருவர் ஓட்டும்படி ஆக்கியதே அவருடைய சாதனை என்பது, அப்போதுதான் சரியாகத் தெரிகிறது. முன்னவரை மறைத்துவிட்டால் பின்னவர் செய்தது என்ன என்பதும் மறைந்துபோகும்.

நம் ஊர்களிலும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. களையெடுக்கும் கருவியின் பல்லை மாற்றுகிறோம், விதைக்கும் கருவியைப் பட்டறையில் கொடுத்து அகலம் குறைக்கிறோம், பழைய இன்ஜினை வேறொன்றில் பூட்டுகிறோம். அப்படி நீங்கள் ஒன்றை மாற்றினால் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள். எந்தக் கருவியைப் பார்த்துச் செய்தீர்கள், அதில் என்ன குறை இருந்தது, எதை மாற்றினீர்கள், எந்தத் தேதியில் வயலில் ஓட்டினீர்கள் என்ற விவரங்கள் போதும். வெல்டிங் வைத்துக் கொடுத்தவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். செய்த முதல் கருவியைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்பு, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.